ஓட்டைக் கத்தரிக்காயும் தரக்கட்டுப்பாட்டுத் துறையும்

நான் இயற்கைக் காய்கறிகளின் பரிசோதகர் ஆனதற்கு ஒரே காரணம், என் கம்பெனி அடையாள அட்டையில் 'குவாலிட்டி' என்ற சொல் இருந்ததுதான். புனேவுக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பெட்டியின் கதவில் பூசிய பெயின்ட் எத்தனை மைக்ரான் தடிமன் இருக்கிறது என்று அளந்து, குறைந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். காய்கறியோடு எனக்கிருந்த தொழில் தொடர்பு, அந்தக் கதவைத் திறந்தால் கீழ்த்தட்டில் அது இருக்கும் என்பது மட்டும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். நாங்கள் குடியிருந்த கராடி, பாதி சோளக்காடாகவும் பாதி கண்ணாடிக் கட்டடமாகவும் இருந்த காலம். எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து, மருந்தடிக்காத காய்கறி வாங்குவதற்கென்று ஒரு குழு அமைத்தோம். அமைத்தவர் இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தமிழர்தான். ஆனால் புனேவிலேயே முப்பது வருடம் ஓட்டிவிட்டதால் காய்கறிகளுக்கு அவரிடம் தமிழ்ப் பெயரே கிடையாது. மராத்தியில் கத்தரிக்காய்க்கு 'வாங்கி' என்று பெயர். முதல் வாரம் அவர் என் மனைவியிடம், "வாங்கி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

என் மனைவி கோயம்புத்தூர்க்காரி, பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் நிதானமாக யோசித்துப் பதில் சொல்பவள். "எதை வாங்கி எதை வாங்கறதுங்க?" என்று கேட்டாள்.

"வாங்கியத்தான்."

"அதான் வாங்கிட்டனே."

"வாங்கியா?"

இது கொஞ்ச நேரம் ஓடியது. நான் நடுவில் புகுந்து ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நின்றது.

எங்களுக்குக் காய் கொண்டுவந்தவர் ஒரு டெம்போ வியாபாரி. வண்டியின் பக்கவாட்டில் பச்சைப் பெயின்டில் 'ஆர்கானிக்' என்று எழுதி, எழுத்துக்கு மேல் இரண்டு இலையும் வரைந்திருந்தார். அந்த இரண்டு இலைதான் எங்களுக்கு இருந்த ஒரே சான்று. காய் நிஜமாகவே மருந்தடிக்காததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"அரே, நீங்க குவாலிட்டி டிபார்ட்மென்ட்தானே? அவ்வளவுதான், அப்பறம் என்ன யோசனை? நீங்கதான் இன்ஸ்பெக்டர்."

"நான் பெயின்ட் பாக்கறவனுங்க."

"மேல்தோல்தானே பாக்கறீங்க? காய்க்கும் மேல்தோல் இருக்கே."

கூட்டத்தில் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நான் கொஞ்சம் மயங்கக்கூடியவன்.

முதல் விதியை அன்றே எல்லோரும் சேர்ந்து வகுத்தோம்: பூச்சி தின்ற காய்தான் சுத்தமான காய். பூச்சிக்கே பிடிக்காததை மனிதன் எப்படித் தின்பது? கேட்க அருமையாக இருந்தது. அதற்கடுத்த வாரங்களில் எங்கள் அடுக்கக வாசலில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் எங்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். பளபளப்பான வெண்டைக்காயைக் கையில் எடுத்து முகம் சுளித்துத் திரும்ப வைப்போம். சொத்தைக் கத்தரிக்காய்க்கு அடிதடி. காலிஃபிளவரில் புழு நெளிந்தால், "இங்க வாங்க, இங்க வாங்க, உயிரோட இருக்கு!" என்று ஒருவரையொருவர் கூப்பிடுவோம். டெம்போக்காரர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இதையெல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஓட்டைகள் கூடின. நாலாவது வாரம் ஓட்டை இல்லாத கத்தரிக்காய் ஒன்றுகூட இல்லை. அதிகாரி பூரித்துப்போனார். "தேக்கோ, பாருங்க, எவ்வளவு ப்யூர்!" என்றார். என் மனைவி மட்டும் வீட்டுக்கு வந்து அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தவள், ஒரு காயை அறுக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தப் புழு ஸ்கேல் வெச்சுத் தின்னுருக்கும் போலிருக்குதுங்க."

ஒவ்வொரு காயிலும் இரண்டே ஓட்டை. காம்பிலிருந்து ஒரே தூரம். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து அளந்தேன். பதினோரு கத்தரிக்காய், இருபத்திரண்டு ஓட்டை, அத்தனையும் சரியாக மூன்று மில்லிமீட்டர். எங்கள் தொழிற்சாலையில் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த துளையிடும் இயந்திரம்கூட இவ்வளவு பிசகாமல் வேலை செய்ததில்லை. ஒரு காயை அறுத்தோம். ஓட்டை ஒரு பக்கம் நுழைந்து நேராக மறுபக்கம் வெளியேறியிருந்தது. உள்ளே தின்ற தடயமே இல்லை. அவசர வேலையாகக் கடந்து போன புழு.

சனிக்கிழமை டெம்போக்காரரைச் சுற்றி நின்றுகொண்டோம். நான் காலிப்பரைக் காட்டினேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. இருக்கைக்கு அடியில் கைவிட்டு, முனை தீட்டிய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து எங்களிடமே காட்டினார்.

"ஓட்டை வேணும்னு கேட்டது யாரு சாப்? நானா, நீங்களா?" என்று இந்தியில் கேட்டார். காய் எல்லாம் மார்க்கெட் யார்டு மொத்தச் சந்தையில் எடுத்ததுதானாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அவரும் மனைவியுமாக உட்கார்ந்து குத்துவார்களாம். "கையெல்லாம் வலிக்குது சாப். அந்த உழைப்பைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

கோபப்படத்தான் கூடியிருந்தோம். ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு ஆளுக்கொருவராக அந்தக் கம்பியின் முனையைத் தடவிப் பார்த்தோம். முதல் மாடி அம்மாள் ஒருவர், வலிக்குத் தைலம் தரட்டுமா என்று கேட்டார்.

நிஜமான விவசாயி ஒருவரை நேரில் பிடிப்பது என்று முடிவானது. எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் என்னோடு சாப்பிடும் மராத்தி நண்பர் ஒருவர் தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார். ஷிக்ராபூர் தாண்டி ஒரு கிராமம். பெரியம்மா ரசாயனம் தொட்டுப் பல வருடமாகிறது. அக்கம்பக்கத்தில் அவரைப்போலவே இன்னும் நாலு பேர். ஐந்து பேரும் ஒருவர் நிலத்தை இன்னொருவர் போய்ச் சோதித்து, நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பார்களாம். அரசாங்க முத்திரை கிடையாது. அந்த நோட்டுத்தான் முத்திரை.

வாடகை ஜீப்பில் ஆறு பேர் கிளம்பினோம். நான் வெறும் கையோடு போகவில்லை. தொழிற்சாலையில் நாங்கள் பயன்படுத்தும் நாற்பது கேள்விப் படிவத்தை அப்படியே நகலெடுத்துக்கொண்டேன். புதிதாகக் கேள்வி தயாரிக்க நேரமில்லை. தரம் என்றால் எங்கும் தரம்தானே என்றும் நினைத்தேன்.

நண்பரின் பெரியம்மாவை ஊரில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்; ஐம்பது வயதைக் கடந்திருக்கும். புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, கையில் களைக்கொத்தோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் அதைக் கீழே போடவில்லை. அவர் பேசியதெல்லாம் மராத்திதான். ஆனால் எனக்கு அது என் ஊர்த் தமிழிலேயே மனத்தில் தங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரராகத்தான் பேசுகிறார்.

நான் பேனாவைத் திறந்து முதல் கேள்வியை எனக்குத் தெரிந்த மராத்தியில் வாசித்தேன். "அவசர வழி தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா?"

அக்கா நாலு பக்கமும் ஒருமுறை பார்த்தார். வானம் வரைக்கும் வெட்டவெளி. "எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓடலாமுங்க தம்பி."

"பணியாளர்கள் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்கிறார்களா?"

அவர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு வரப்போரம் நின்ற எருதின் காலைப் பார்த்தார். "அதுக்குப் போன வாரந்தான் லாடம் அடிச்சமுங்க. எனக்கு இல்லீங்க."

நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அதிகாரி தொழுவத்துப் பக்கம் போய், மூடி வைத்த பீப்பாயைத் திறந்துவிட்டார். சாணமும் கோமியமும் கலந்து ஊறிக்கொண்டிருந்த கரைசல். அதில் இன்னும் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார். வெல்லமும் கடலை மாவும் என்றார் அக்கா. அதிகாரிக்குக் கடலை மாவு என்றால் பஜ்ஜி, வெல்லம் என்றால் போளி. இரண்டும் ஒரே பீப்பாயில் சாணத்தோடு இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "நல்ல பேசன் சார், இவ்வளவு கடலை மாவும் வேஸ்ட்" என்று என் காதில் சொன்னார். திரும்பும் வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

முப்பத்தோராவது கேள்வி வந்தது. "நிராகரிக்கப்பட்ட பொருள்கள் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா?"

அக்கா முதல்முறையாகக் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "வாங்க காட்டறேன்" என்று நிலத்தின் கிழக்கு ஓரத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஆளுயரத்துக்கு மக்காச்சோளம் வேலிபோல நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய கொழுந்தனாரின் நிலம். கொழுந்தனார் தாராளமாக மருந்தடிப்பவர். மக்காச்சோளத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு வரிசை கத்தரிச்செடி, காய் குலுங்க நின்றது.

"இந்த ரெண்டு வரிசையும் உங்களுக்கு இல்லீங்க. காத்து அந்தப் பக்கமிருந்து அடிச்சா மருந்து இதுமேல விழும். இதைத் தனியாப் பறிச்சு, மருந்தடிச்ச காயின்னு சொல்லியே சந்தைல போட்டுருவேன்."

"சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத என் முதல் கேள்வி அது.

"எனக்குத் தெரியுமுங்களே."

நான் மீதிக் கேள்விகளைக் கேட்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அந்த இரண்டு வரிசையும் மற்ற செடிகளைவிடச் செழிப்பாக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொழுந்தனாரின் உரமும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்குமோ என்னவோ.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, காலையில் கராடிக்கு வரும் பால் டெம்போவில் அக்காவின் கூடைகளும் வந்தன. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சனிக்கிழமையும் ஆபீஸ் போகிறவர்கள். அதனால் காய்களைப் பெட்டிகளில் மாற்றிக் கீழ்த்தளத்து மோட்டார் அறையில் வைத்திருந்து சாயங்காலம் பிரித்துக் கொடுப்போம். காய் அருமையாக இருந்தது. அதுதான் பிரச்சினை. ஓட்டையே இல்லை. அதிகாரி மூன்று காய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கீடாகூட இல்லையே, ஏதோ கட்பட் இருக்கு" என்றார் சந்தேகமாக. நான் அக்காவுக்குப் போன் போட்டுப் புழு இல்லாததற்கு விளக்கம் கேட்டேன்.

மறுமுனையில் சிரிப்பு. "புழு விழுந்ததை மாட்டுக்குப் போட்டுட்டு நல்லதைப் பொறுக்கி உங்களுக்கு அனுப்பறேன். உங்களுக்கு மாட்டுப் பங்குதான் வேணும்னா சொல்லுங்க தம்பி. மாடு ஒண்ணும் சொல்லாது."

அப்புறம் தொனி மாறியது. "நீங்க வந்து என்ற தோட்டத்தைப் பார்த்தீங்க. நாங்க இன்னும் உங்க இடத்தைப் பாக்கலையே. எங்க நோட்டுல அந்தப் பக்கம் காலியா இருக்குது."

நாலாவது சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், எஸ்டி என்கிற அரசு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கூடவே வெள்ளைத் தொப்பி போட்ட வயதான விவசாயி ஒருவர், நோட்டுப்புத்தகத்தோடு. நானும் மனைவியும் அதிகாரியும் மோட்டார் அறை வாசலில் வரவேற்றோம். எனக்குப் பதற்றமே இல்லை. அறை பளிச்சென்று இருந்தது. ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்கு உழைத்திருந்தோம்.

அக்கா உள்ளே கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசம் இது?"

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். "நேத்துதான் ஆள் வரவழைச்சு மருந்தடிச்சேன். இந்த ரூம்ல ஒரு கரப்பான் வராது. கேரன்ட்டி!"

தொப்பிக்காரர் நோட்டைத் திறந்தார்.

அக்கா குனிந்தார். காய் இருந்த பெட்டிகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள். எறும்பு வராமல் இருக்கக் கடைகளில் விற்பார்களே, அந்த விஷச் சாக்கட்டியால் போட்டது. என் மனைவி கணக்கு டீச்சர் என்பதால், ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் அப்பழுக்கில்லாத செவ்வகம். அவசரத்தில் பறந்த பொடி மேலே இருந்த தக்காளியிலும் கொஞ்சம் படிந்திருந்தது.

"கோடு நேராத்தான் போட்டிருக்கறீங்க" என்றார் அக்கா. என் மனைவி, பாராட்டா இல்லையா என்று புரியாமல் முந்தானையைத் திருகினாள்.

இந்த இரண்டையும் கேட்டு நான் உள்ளூரத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண மனிதர்கள் இப்படித்தான், தரத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கித் திருப்பினார். காய்களுக்காக நான் எங்கள் தொழிற்சாலையில் கேட்டு வாங்கிவந்த பழைய பெட்டிகள் அவை. சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிய ஒட்டுத்தாள். அதில் ஒரு மண்டையோடு. மண்டையோட்டுக்குக் கீழே இரண்டு எலும்பு. பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாக்கள் வந்த பெட்டி.

"இது யாரு கொண்டாந்தது?"

அதிகாரியும் என் மனைவியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதை என்னால் மறக்க முடியாது.

"கழுவினேனுங்க" என்றேன்.

"எதுல கழுவினீங்க?"

அதையும் தின்னரில்தான் கழுவியிருந்தேன். கறை நன்றாகப் போகும்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தலைகீழாகக் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, "ஆறு மாசம் நான் கட்டிக் காத்ததை ஆறு மணி நேரத்துல கெடுத்துப்போட்டீங்களே தம்பி" என்றார். "என்ற கொழுந்தனாராவது காத்தடிச்சாத்தான் மருந்து தெளிப்பாரு. நீங்க மூணு பேரும் காத்துக்கூட இல்லாம தெளிச்சிருக்கறீங்க."

மூன்று வாரங்களாக நாங்கள் சாப்பிட்ட சுத்தமான காய்கறியை நினைத்துக்கொண்டு மூவரும் மோட்டாரைப் பார்த்தபடி நின்றோம்.

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. ஒரு மாதம் எங்களுக்குக் காய் கிடையாது. அறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் படத் திறந்துபோட்டு, அதற்குப் பிறகும் வேறு இடம் பார்க்க வேண்டும். காய் மூங்கில் கூடையில்தான் இருக்க வேண்டும். எறும்பு வந்தால் வரட்டும். இந்தக் குற்றங்களை நோட்டில் நானே என் கையால் மராத்தியில் எழுத வேண்டும். 'மண்டையோடு' என்பதற்கு மராத்தி தெரியாமல் நான் தடுமாறியபோது, தொப்பிக்காரர் பொறுமையாக, "படம் போட்டாலும் சரி" என்றார். போட்டேன்.

அந்த ஒரு மாதம் நாங்கள் கடைக்காயைத் தின்றோம். பன்னிரண்டு வீடுகளும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தின. என் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். மாதம் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமான மூலை ஒன்றைச் சுத்தம் செய்து, மூங்கில் கூடைகளை வரிசையாக வைத்து, அக்காவைக் கூப்பிட்டோம். வந்தார். கூடையின் விளிம்பில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை விரலால் காட்டி, "பரவால்லை, உயிரோட இருக்குது" என்று நோட்டில் கைநாட்டு வைத்தார். ஆனால் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு தண்டனை. அடுத்த முறை அவர்கள் ஐந்து பேரும் சோதனைக்குப் போகும்போது நானும் கூட வர வேண்டும். பேசாமல் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆடி மாதம், மழை பிடித்துக்கொண்ட நாள். அன்று சோதிக்க வேண்டிய நிலம் தொப்பிக்காரருடையது. செம்மண்ணும் கரிசலும் கலந்த சேற்றில் என் செருப்பு முதல் வயலிலேயே போய்விட்டது. நாலு பேருக்குப் பின்னால் வெறுங்காலோடு, வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்காமல் போனேன். எரு மேடு பார்த்தார்கள், விதை பார்த்தார்கள், கிணற்றோரம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது மழைத்திரைக்கு அப்பால், கரும்புக்குள்ளிருந்து தொப்பிக்காரர் நடந்து வந்தார். தலைமேல் வெள்ளை நிறத்தில் ஏதோ. அதில் ஆங்கில எழுத்து. என் கண்ணுக்கு அந்த நாலெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"யூரியா!" என்று அலறிவிட்டேன்.

கொக்குகள் பறந்தன. ஐந்து பேரும் உறைந்து நின்றார்கள். நான் ஓடி, சேற்றில் வழுக்கி, மண்டியிட்டபடியே அவரைச் சுட்டிக் காட்டினேன். அவர் பயந்துபோய்க் கையைத் தூக்கிவிட்டார்.

காலியான உரச் சாக்கு. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கூம்புபோல ஆக்கித் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பாதி ஊருக்கு அதுதான் மழைக்கோட்டு. அவர்கள் சிரித்த சிரிப்பில் மழைச்சத்தம் கேட்கவில்லை. அக்கா மட்டும் முதலில் சிரிக்கவில்லை. சாக்கு எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் போன வருடம் எடுத்தது, ஒன்றே ஒன்று என்றார் அவர். அக்கா நேரே அவர் வீட்டுக்குள் போய்ப் பரண்வரை பார்த்துவிட்டு வந்தார். வந்த பிறகுதான் சிரித்தார். மூச்சுத் திணறிப்போகிற அளவுக்குச் சிரித்தார்.

இதற்குள் நான் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். தொப்பிக்காரருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சாக்கைக் கழற்றி உதறி, என் தலையில் மாட்டிவிட்டார். மூக்குவரை இறங்கியது. சூடாக, இதமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அக்கா நோட்டை முந்தானைக்குள் மறைத்து நனையாமல் பிடித்துக்கொண்டு, தான் சொல்லச் சொல்ல இன்னொருவரை எழுதச் சொன்னார். "யூரியா சாக்கு ஒண்ணு. திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு இன்ஸ்பெக்டர்."